அம்மாவுக்குக் கால்சியம் 11.8 என்று வந்திருக்கிறது. பால், தயிரை நிறுத்தினால் இறங்கிவிடுமா?

பாலை நிறுத்துவதால் மட்டும் இறங்காது. நான் டாக்டர் இல்லை. டெல்லி மயூர் விஹாரில் எங்களோடு இருக்கும் பெரியம்மாவுக்கு இதே தொல்லை வந்து ஆஸ்பத்திரி வரை போனதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

உடம்பிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான். ரத்தத்தில் ஓடுவது துளிதான், ஆனால் அதை 8.5-லிருந்து 10.5-க்குள் உடம்பு பிடிவாதமாக வைத்திருக்கும். தைராய்டுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் அரிசி அளவு பாராதைராய்டு சுரப்பிகள் நான்கும் பார்க்கும் வேலை இது. கால்சியம் இறங்கினால் பி.டி.எச். என்ற ஹார்மோனை விடும். அது எலும்பிலிருந்து கால்சியத்தை எடுக்கும், சிறுநீரில் போவதைத் தடுக்கும், வைட்டமின் டி-யை முடுக்கிவிட்டுக் குடலை அதிகம் உறிஞ்ச வைக்கும். கால்சியம் ஏறினால் ஹார்மோன் அடங்கிவிடும். அதனால் இரண்டு தம்ளர் பால் கூடுதலாகக் குடித்தாலும் உடம்பு சமாளித்துக்கொள்ளும்.

எனவே நீங்கள் கேட்க வேண்டியது பி.டி.எச். டெஸ்ட். கால்சியம் ஏறியும் அது அடங்காமல் இருந்தால் சுரப்பியில் கட்டி இருக்கலாம். பெரும்பாலும் புற்று இல்லாத கட்டிதான், ஆபரேஷனில் எடுத்துவிடுவார்கள். அடங்கியிருந்தால் புற்றுநோய், டிபி, வைட்டமின் டி மிகை என்று வேறு பக்கம் தேடுவார்கள்.

பெரியம்மாவுக்குப் பி.டி.எச். அடிமட்டத்தில் இருந்தது. மருந்துப் பெட்டியைக் கொட்டிப் பார்த்தால் காலி வைட்டமின் டி பாக்கெட்டுகளாக விழுந்தன. 60,000 யூனிட் பொடி, வாரம் ஒன்று, எட்டு வாரம் என்றுதான் சீட்டில் இருந்தது. "முட்டிவலிக்கு நல்லா கேட்குதுடா" என்று தினமும் ஒன்றைப் பாலில் கலக்கிக் குடித்திருக்கிறார்! கூடவே இரண்டு வேளை கால்சியம் மாத்திரை. அந்தக் குளிரிலும் ஓயாத தாகம், ராத்திரி முழுக்க பாத்ரூம், மலச்சிக்கல். சர்க்கரையோ என்று பார்த்தால் அது சரியாக இருந்தது. கிழமை தெரியாமல் பேச ஆரம்பித்த பிறகுதான் அட்மிட் செய்தோம். அப்போது கால்சியம் 14-க்கு மேல்.

முதல் சிகிச்சை வெறும் சலைன்தான். கால்சியம் ஏறினால் சிறுநீரில் தண்ணீர் நிறையப் போகும், உடம்பு வற்றும், வற்றிய உடம்பில் கிட்னியால் கால்சியத்தை வெளியேற்ற முடியாது. இந்தச் சுழலை உடைப்பது சலைன். கால்சிடோனின் ஊசி சில மணி நேரத்தில் வேலை செய்யும், ஆனால் இரண்டு நாளில் வேகம் குறைந்துவிடும். எலும்பு கரைவதைத் தடுக்கும் ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசிக்குப் பலன் தெரியவே இரண்டு, மூன்று நாள் ஆகும். வைட்டமின் டி-தான் காரணம் என்பதால் பெரியம்மாவுக்கு ஸ்டீராய்டும் கொடுத்தார்கள். இந்த வைட்டமின் கொழுப்பில் தங்கிவிடும், பொடியை நிறுத்தினாலும் உடனே போகாது. வீட்டுக்கு வந்த பிறகும் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது, அலுத்துப்போய்விட்டார் பாவம்.

அம்மாவின் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் எடுத்துப் போங்கள். சத்து மாத்திரை, நெஞ்செரிச்சலுக்குச் சப்பும் மாத்திரைகூட விடாமல் (பலவற்றில் இருப்பது கால்சியம் கார்பனேட்). பிபி மாத்திரையின் பெயர் 'எச்' என்று முடிந்தால் அதில் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு இருக்கும், அதுவும் கால்சியத்தை ஏற்றும். நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுச் செய்யுங்கள். கால்சியம், வைட்டமின் டி இரண்டையும் நிறுத்தலாமா என்று இன்றைக்கே போனில் கேட்டுவிடுங்கள். இதயத்துக்காகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருக்காவிட்டால் நன்றாகக் குடிக்கட்டும். வாந்தி, குழப்பம், அசாதாரணத் தூக்கம் என்றால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

ரிப்போர்ட்டில் ஆல்புமின் (ரத்தத்தில் கால்சியம் ஒட்டிக்கொண்டிருக்கும் புரதம்) எவ்வளவு என்றும் பாருங்கள். அது 4-க்குக் கீழே இருந்தால் உண்மையான கால்சியம் 11.8-ஐவிடக் கூடுதலாக இருக்கும். பி.டி.எச். வந்ததும் இங்கே எழுதுங்கள்.