முதல் ஊசியோடு ஏன் நின்றுவிடுகிறார்கள்?

"பால்வினை நோய்க்குச் சிகிச்சை தொடங்கியவர்கள் அடுத்த தேதிக்கு வருவதில்லையே, அலட்சியம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏதோ ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவர் போலத் தெரிகிறது. அலட்சியம் என்றது எனக்குச் சுருக்கென்று பட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பக்கத்துக்காரன், ஆழ்கடல் விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது படகோட்டி. டாக்டர் இல்லை. கடற்கரைக்காரர்களே இப்படித்தான் என்று யாரும் கீழே வந்து எழுத வேண்டாம், ரப்பர் வெட்டுபவருக்கும் வளைகுடாவிலிருந்து லீவில் வருபவருக்கும் இதே நோய் வருகிறது.

எங்கள் படகில் ஒரு பையன். சொந்தக்காரருக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் பரிசோதித்துவிட்டு சிபிலிஸ் என்ற பால்வினை நோய் இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். உடம்பில் ஒன்றுமே கிடையாது. இந்த நோயில் முதலில் வருகிற புண் வலிக்காது, மருந்து போடாவிட்டாலும் தானாகவே ஆறிவிடும், கிருமி மட்டும் உள்ளே கிடக்கும். எப்போது வந்தது என்று தெரியாததால் வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி. ஒரு தடவைக்கு 24 லட்சம் யூனிட், புட்டத்தில் இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகக் குத்துவார்கள், காலை இழுத்துக்கொண்டுதான் நடக்க முடியும்.

இரண்டாவது ஊசிக்கு அவன் போகாமல் இல்லை. போனான். சீட்டு கொடுக்கிற இடத்தில் இருந்த அம்மா நோயின் பெயரைச் சொல்லி, "அதுக்கு ஊசி போட வந்த தம்பி யாரு?" என்று வராண்டா முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தம் போட்டிருக்கிறார். வரிசையில் அவன் தெருவிலுள்ள ஒரு சித்தி, பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறார். அவன் யாரையோ தேடி வந்தவன் மாதிரி அப்படியே வெளியே வந்து, அன்று ராத்திரியே கொச்சிக்குப் பஸ் ஏறிப் படகுக்கு வந்துவிட்டான்.

கடலில் தூண்டில் இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் என்னிடம் சொன்னான். "அண்ணே, செத்தாலும் அங்க இனி போமாட்டேன்." இதை அலட்சியம் என்று எழுதி வைப்பீர்களா? யாரிடமிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை, அது எனக்குத் தேவையும் இல்லை.

கரைக்கு வந்ததும் வேறொரு ஊர் அரசு ஆஸ்பத்திரியில் பால்வினை நோய்க்கென்று இருக்கிற சுகவாழ்வு மையத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். நாள் ரொம்பத் தள்ளிப்போனதால் மறுபடி முதல் ஊசியிலிருந்து தொடங்கினார்கள். எங்களுக்கு மீன் விற்ற பணத்தில் பங்குதான், சம்பளம் கிடையாது, கடலுக்கு வராதவனுக்குப் பங்கில்லை. முன்பணம் வாங்கியவன் மூன்று வாரம் கரையில் எப்படி இருப்பான்? நான் அவன் வீட்டுச் செலவுக்குக் கொடுத்தேன், அதைப் பங்கில் பிடிக்கவும் இல்லை. எல்லா ஸ்ராங்கும் அப்படிச் செய்ய முடியாது, முதலாளி ஒத்துக்கொள்ள வேண்டும்.

அங்கே இருந்த ஆலோசகர் அம்மா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். தேதி எழுதும் முன், "எப்போ கரையில இருப்பே?" என்று கேட்டார். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடைக்காலம், மருந்து கேட்டதா என்று பார்க்கிற மூன்றாம் மாத ரத்தச் சோதனை அதற்குள் விழுந்தது, போனான். மனைவிக்கும் சோதனை வேண்டும் என்று அவனிடம் பக்குவமாகச் சொன்னதும் அவர்தான். இரண்டு பேருமே அந்தத் தடைக்காலத்தில் போய் வந்தார்கள்.

சொல்ல வந்ததோடு இதையும் சொல்லிவிடுகிறேன், தேங்காய்பட்டணம் துறைமுக வாயில் மணல் அடைத்து எத்தனை பேர் செத்துவிட்டார்கள். சொந்த ஊர்த் துறைமுகம் ஒழுங்காக இருந்தால் எங்கள் பிள்ளைகள் ஏன் கொச்சி, முனம்பம், மங்களூர் என்று அலைய வேண்டும்? வீட்டுப் பக்கம் வந்தால்தானே ஆஸ்பத்திரிப் பக்கம் வருவான்.

ஆறாம் மாதம் அவன் மங்களூரில் இருந்தான். பழைய ரிப்போர்ட்டைப் போனில் படம் எடுத்து வைத்திருந்ததால் அங்கேயே ரத்தம் கொடுத்து ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது, ரத்தத்தில் இந்த நோயைக் காட்டுகிற அளவு 1:32-லிருந்து 1:8-க்கு, அதாவது நாலில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது, மருந்து கேட்டிருக்கிறது. இதைப் படிக்கிற யாருக்காவது சிகிச்சை பாதியில் நின்றிருந்தால் 1097 என்ற தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள், இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.