பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள் (கடிதம்)

அன்புள்ள அண்ணனுக்கு,

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பத்மநாபபுரம் அரண்மனை பற்றி எழுதச் சொன்னேன். பாதிப்பேர் ‘கேரளாவில் உள்ள அரண்மனை’ என்று எழுதியிருந்தார்கள். நம் மாவட்டத்திலேயே, டவுன் பஸ்ஸில் போகிற தூரம்! இந்தத் தலைமுறை பத்து வரிக்கு மேல் படிப்பதில்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. தகவலைத் தேடவும் சரிபார்க்கவும் தனித் தாளே வைக்கலாமா? செயற்கை நுண்ணறிவைத் தடைசெய்யலாமா?

ரா.

அன்புள்ள தம்பி,

‘ஆய்வுகள் சொல்கின்றன’ என்கிறீர்களே, எந்த ஆய்வு? யார், யாரிடம் நடத்தியது? பிள்ளைகளிடம் கேட்க வேண்டியதை முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

தனித் தாள் வேண்டாம். அதற்கும் ஒரு கைடு வந்துவிடும், மனப்பாடம் செய்து தேறிவிடுவார்கள். தடை நடக்கிற காரியமில்லை.

நான் சொல்வது ஒரு ஆய்வைத்தான், பெயரோடு சொல்கிறேன். 2017இல் வெளியிட்ட ஆய்வுக்காக, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் வரலாற்றுப் பேராசிரியர்களையும் மாணவர்களையும் செய்தி சரிபார்ப்பவர்களையும் இணையதளங்களை எடைபோடச் சொன்னார்கள். பேராசிரியர்களிலேயே பலர் லோகோவையும் இணைய முகவரியையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் பக்கத்தை முழுக்கப் படிக்கவில்லை. சட்டென்று வெளியே வந்து, இதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள்.

உங்கள் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை, தம்பி. அதுவரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த நம் தாலுகாக்கள் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. அரண்மனை நிர்வாகம் மட்டும் கேரளத்திடமே நின்றது, இன்றும் அவர்களுடைய தொல்லியல் துறைதான் பார்த்துக்கொள்கிறது. அதனால் அவர்களுடைய நினைவுச்சின்னப் பட்டியலில் அது இருக்கத்தான் செய்யும். பிள்ளைகள் பட்டியலைப் படித்தார்கள். பட்டியல் யாருடையது என்று கேட்க அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அது நம் குற்றம்.

நான் படித்த காலத்தில் நாகர்கோவிலில் ஒரு நூலகர் இருந்தார். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவே மாட்டார். குளச்சல் போரைப் பற்றி ஒரு போட்டிக்கு எழுதப் போயிருந்தேன். நாகம் அய்யா 1906இல் எழுதிய திருவிதாங்கூர் மானுவல் என்ற அரசு வரலாற்று நூலையும், வேலுப்பிள்ளை 1940இல் எழுதியதையும் மேஜைமேல் வைத்தார். புரட்டிவிட்டு, “ரெண்டுலயும் இருக்கு சார், அப்ப சரிதானே” என்றேன்.

“ரெண்டு பேருக்கும் சம்பளம் குடுத்தது யாரு மக்கா?”

திருவிதாங்கூர் அரசு. 1741இல் டச்சுக்காரர்களை ஜெயித்த மார்த்தாண்ட வர்மாவின் வம்சம் ஆண்ட அரசு. எழுதியது பொய் என்று அவர் சொல்லவில்லை. “தோத்தவன் என்ன எழுதி வச்சிருக்கான்னு பாத்தியா?” என்று மட்டும் கேட்டுவிட்டு ரசீது எழுதப் போய்விட்டார். எனக்கு அன்றைக்கு ஆத்திரம்தான் வந்தது. ஆனால் அதற்கப்புறம் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் யார் பதிப்பித்தது என்றுதான் பார்க்கிறேன். பத்து இணையதளத்தில் ஒரே வரி இருந்தால் அது பத்து சாட்சி ஆகாது. ஒருவன் எழுதியதை ஒன்பது பேர் எடுத்துப் போட்டிருப்பான். நுண்ணறிவுச் செயலி அந்தப் பத்தையும் சேர்த்து அழகாகச் சொல்லும். உங்கள் பிள்ளைகள் அந்த முதல் ஆளைத் தேடிப் போகட்டும். ‘முதலில் சொன்னது யார்’ என்று எல்லாப் பாடத்திலும், எல்லா வாத்தியார்களும், அலுக்காமல் கேட்க வேண்டும். நூலகத்தில் வருஷத்துக்கு ஒருநாள் சுற்றிக்காட்டிவிட்டுக் கைகழுவுகிற வேலை இல்லை இது.

புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிப்போங்கள், உங்களுக்குப் பக்கம்தான். உதயகிரிக் கோட்டையில் டிலனாய் கல்லறை இருக்கிறது. டச்சுப் படையில் வந்து குளச்சலில் பிடிபட்டு, மார்த்தாண்ட வர்மாவுக்கே தளபதியாகி, 1777இல் இறந்தவர். கல்லில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறது. இரண்டும் ஒன்றைத்தான் சொல்கின்றனவா, வெட்டச் சொன்னது யாராக இருக்கும் என்று பிள்ளைகளே சண்டை போடட்டும். லத்தீன் படித்த பாதிரியார்களுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமில்லை, ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள்.