சிங்கப்பூர் கெத்தாம் மலைச் சைக்கிள் பூங்காவில் ஒரு நாள் ஓட்ட எப்படித் திட்டமிடுவது?

சாங்கி படகுத்துறையிலிருந்தே திட்டமிடுங்கள். பூங்கா இருக்கும் புலாவ் உபின் தீவுக்குப் போகும் பம்போட் (சிறிய மோட்டார் படகு) 12 பேர் சேர்ந்ததும்தான் கிளம்பும். சைக்கிளுக்குத் தனிக் கட்டணம். காலையிலேயே போய்விடுவது நல்லது. வெயில் ஏறிய பிறகு அந்தப் புழுக்கத்தில் மேட்டில் மிதிப்பது ஆளையே உருக்கிவிடும்.

பூங்கா தீவின் மேற்குப் பக்கம், பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி இருக்கிறது. பாதை சுமார் 10 கிலோமீட்டர்தான். ஆனால் தூரத்தை வைத்து எடைபோடாதீர்கள், பாதையின் கடினத்தைக் காட்டும் பலகையைப் பாருங்கள்: நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டை வைரம் நன்கு தேர்ந்தவர்களுக்கு மட்டும். முதலில் நீலத்தில் மெதுவாக ஒரு சுற்று. அப்புறம் கறுப்பு இறக்கங்களில் சைக்கிளை நிறுத்திவிட்டு நடந்து பாருங்கள்: வேர் எங்கே, கல் எங்கே, எந்த இடத்தில் பிரேக்கை விட வேண்டும்? இறங்கும்போது சீட்டைத் தாழ்த்தி, இரண்டு பெடலையும் ஒரே மட்டத்தில் வைத்து, உடம்பைச் சற்றுப் பின்னால் கொண்டுபோங்கள். முன் பிரேக்கைச் சட்டென்று இறுக்கினால் தலைகுப்புற விழ நேரும்.

கடினமான பகுதிகளைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடுங்கள். கை ஓய்ந்த பிறகுதான் விழுவது அதிகம். மழை பெய்து வேர்கள் வழுக்கினால், கறுப்பை அன்றைக்கு விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

தீவின் படகுத்துறை அருகே கிடைக்கும் வாடகை சைக்கிள்களில் பல சாதாரணச் சாலைக்கானவை. ஹெல்மெட், 2 லிட்டர் தண்ணீர், மாற்று டியூப், பம்ப் கையோடு இருக்கட்டும். இருட்டுவதற்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.