அம்மாவுக்கு மூச்சு லேசாகிவிட்டது, இன்ஹேலரை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, பல வருட ஆஸ்துமா. காலையும் இரவும் இன்ஹேலர் எடுப்பார். போன மாதம் உறவினர் சொன்ன இடத்தில் ஒரு பொடி வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். "மூச்சு லேசா இருக்கு, இனி இன்ஹேலர் வேண்டாம்" என்கிறார். இது மனப்பிரமைதானே?

பதில்: அந்த வார்த்தையை அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். மனம் தரும் நிவாரணம் பொய்யல்ல. 'கைராசி டாக்டர்' என்கிறோமே, அதில் பாதி இதுதான். 1978-ல் கலிஃபோர்னியாவில் பல் பிடுங்கிக்கொண்டவர்களுக்கு மருந்தே இல்லாத ஒன்றை மருந்துபோலக் கொடுத்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. அவர்களுக்கே, மார்ஃபின் வகை மருந்துகளை முறிக்கும் நாலக்சோனைக் கொடுத்ததும் வலி மறுபடி ஏறியது. அதாவது, மூளை தன் சொந்த வலிநிவாரணியைச் சுரந்திருந்தது.

ஆனால் வலி வேறு, மூச்சுக்குழாய் வேறு. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை என் நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். 39 ஆஸ்துமாக்காரர்களுக்கு வெவ்வேறு நாட்களில் மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புடமால் மருந்துள்ள இன்ஹேலர், மருந்தில்லாத இன்ஹேலர், போலி அக்குபங்சர் என்று கொடுத்தார்கள்; சில நாள் எதுவும் கொடுக்காமல் உட்கார வைத்தார்கள். எவ்வளவு தேவலாம் என்று கேட்டால், மூன்று சிகிச்சைக்கும் 50 சதவீதத்தை ஒட்டியே பதில் வந்தது. கருவியில் ஊதச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது. நிஜ மருந்தில் காற்றோட்டம் 20 சதவீதம் கூடியது. போலிகளில் சுமார் 7. சும்மா உட்கார்ந்த நாளிலும் அதே 7.

ஆகவே அம்மாவின் உணர்வை நம்புங்கள், ஆனால் அளந்தும் பாருங்கள். ஊதும் காற்றின் வேகத்தை அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டரை மருந்துக்கடையில் வாங்கி, காலையும் மாலையும் மூன்று முறை ஊதச் சொல்லி, அதிகபட்ச எண்ணைக் குறித்து வையுங்கள். அவருடைய வழக்கமான நல்ல அளவில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் டாக்டரைப் பாருங்கள். 50-க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி. இன்ஹேலர் தொடரட்டும். அதை நிறுத்திய முதல் சில வாரங்கள் நன்றாகவே போகலாம், உள்ளே வீக்கம் மெல்லத்தான் திரும்பும். ஏமாறுவது அங்கேதான்.

இன்னொன்று. பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் மூச்சு உண்மையாகவே லேசாகும். முகம் உப்பியிருக்கிறதா, பசி கூடியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று கவனியுங்கள். அப்படியானால் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையே கையில் எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.