ஐஸ்லாந்து குதிரை பத்தி கேட்டீங்கள்ல, இந்தாங்க பதில்

வடக்கு ஐஸ்லாந்துல ஸ்காகாஃபியோர்துர் பக்கம் ஒரு குதிரைப் பண்ணைல வேலை பாக்குறேன்னு ஒரு தடவ சொன்னேன், அதுல இருந்து ஆளாளுக்கு கேள்வி அனுப்பிட்டே இருக்கீங்க. இப்ப குட்டி போடுற சீசன் வேற, தனித்தனியா பதில் போட நேரமில்ல, எல்லாத்துக்கும் இங்கயே சொல்லிடுறேன்.

அக்கா, போட்டோல குதிரைங்க பனியிலயே நிக்குதே, கொட்டாய் கிடையாதா? பாவமா இருக்கு.

அதுங்களுக்கு தீனி வைக்கப் போற என்னைப் பாத்து பாவப்படுங்க. சவாரிக்குன்னு வெச்சிருக்குறத குளிர்காலத்துல லாயத்துல கட்டுவோம், மத்ததெல்லாம் வெளியதான். இலையுதிர் காலத்துலயே ரெண்டு அடுக்கா முடி வளந்துடும், உள்ள மெத்துன்னு ஒண்ணு, மேல தண்ணி வழுக்கிட்டுப் போற மாதிரி நீளமா ஒண்ணு. முதுகு மேல பனி உருகாம அப்படியே கிடக்குதா, உடம்புச் சூடு வெளிய போகலன்னு அர்த்தம், சந்தோஷப்படலாம். எங்களுக்கு பயம் பனி இல்ல, பூஜ்யம் டிகிரி கிட்ட மழையும் காத்தும் சேந்து அடிக்குறதுதான், அதுல முடி நனஞ்சு ஒட்டிப்போச்சுன்னா நடுங்க ஆரம்பிச்சிடும். அதுக்குத்தான் காத்துத் தடுப்பு கட்டி வெச்சிருப்போம், பாதி நேரம் அதுக்குள்ள போகாம காத்துக்கு பின்பக்கத்தக் காட்டிட்டு கூட்டமா நிக்கும்ங்க, நாம என்ன பண்றது.

தினமும் என்ன தீனி? கொள்ளு, ஓட்ஸ் எல்லாம் உண்டா?

முக்காவாசி புல்லுதான். கோடைல அறுத்து, பாதி காஞ்சதும் பிளாஸ்டிக் சுத்தி பெரிய பெரிய உருளையா வெச்சுடுவோம், அதான் குளிர்காலம் பூரா. கூட உப்புக்கட்டி, தண்ணி. முன்னாடி காலத்துல உப்பு போட்ட ஹெர்ரிங் மீன கூட குடுப்பாங்க, புரதத்துக்கு. நிஜமாவே திங்கும்.

இதுல ஒண்ணு மனசுல வெச்சுக்கங்க, இந்த ஜாதிக்கு பட்டினிய விட கொழுப்புதான் எமன். கொஞ்சூண்டு புல்ல வெச்சே ஓட்டிப் பழகின உடம்பு, நல்ல செழிப்பான மேய்ச்சல்ல விட்டா ஒரே மாசத்துல பீப்பா ஆயிடும், அப்புறம் குளம்புக்குள்ள அழற்சி வந்து நிக்கவே முடியாம போயிடும். வந்த முதல் வருஷம் நானே ஒரு கிழட்டுக் குதிரைக்கு பாவம் பாத்து யாருக்கும் தெரியாம ரெண்டு வேளை எக்ஸ்ட்ரா போட்டுட்டு இருந்தேன், அது நொண்ட ஆரம்பிச்சப்பதான் முதலாளிகிட்ட மாட்டினேன், திட்டு இன்னும் காதுல இருக்கு. குளிர்கால முடிக்குள்ள ஒல்லியா குண்டான்னு கண்ணுக்குத் தெரியாது, கைய விட்டுத் தடவிப் பாக்கணும். விலா எலும்பு கைக்குத் தட்டுப்படணும், ஆனா துருத்திட்டு நிக்கக் கூடாது.

இது போனிதானே, குட்டைக் குதிரை ஜாதி?

135, 140 சென்டிமீட்டர்தான் உயரம், அளவப் பாத்தா போனிதான். ஆனா இங்க யார்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க, மூஞ்சி மாறிடும். 350 கிலோ இருந்துட்டு நல்லா வளந்த ஆம்பளைய மலை மேல தூக்கிட்டுப் போகுது, அப்புறம் என்ன.

சினை பிடிக்க வைக்கிறது எப்படி? ஊசியா?

எங்க பண்ணைல ஊசி கிடையாது. கோடைல ஒரு பொலிகுதிரைய இருபது இருபத்தஞ்சு பெட்டைங்களோட ஒரே மேய்ச்சல்ல விட்டுடுவோம், பெட்டைக்கு 21 நாளுக்கு ஒரு தடவ பருவம் வரும்ங்கறதால ரெண்டு சுத்து வர்ற மாதிரி ஆறு வாரம் போல விட்டுட்டு அப்புறம் ஸ்கேன். பதினோரு மாசம் சினை, மே மாசத்துல இருந்து ஜூலை வரைக்கும் குட்டி.

பெரும்பாலும் ராத்திரி, வெளில புல்லுலயேதான் போடும். நாம தூரத்துல நின்னு பைனாகுலர்ல பாக்கணும், கிட்டப் போனா குட்டி போடுறதையே தாமதப்படுத்திடும். ஒரு மணி நேரத்துல குட்டி நிக்கணும், ரெண்டு மணிக்குள்ள பால் குடிக்கணும், மூணு மணிக்குள்ள நஞ்சுக்கொடி விழுந்துடணும். நஞ்சுக்கொடி விழலன்னா மட்டும் சும்மா நிக்காதீங்க, இழுக்கவும் கூடாது, உடனே டாக்டர்.

அந்த ஆடாம ஓடுற நடை, டோல்ட், அது சொல்லிக் குடுக்குறதா பிறவியா?

பிறவி, ஆனா பாலிஷ் நாமதான் போடணும். டிஎம்ஆர்டி3ன்னு ஒரு ஜீன்ல இருக்குற மாற்றம்தான் காரணம்னு 2012ல ஸ்வீடன் ஆராய்ச்சிக்காரங்க கண்டுபிடிச்சாங்க. பொதுவா அது ஒரு பக்கம் மட்டும் வந்தா டோல்ட்டோட சேத்து நாலு நடை, அப்பா அம்மா ரெண்டு பக்கமும் வந்தா அஞ்சாவதா ஸ்கேய்த்துன்னு ஒரு பக்கத்துக் கால் ரெண்டும் சேந்து பறக்குற வேக நடையும் வரும். அதுக்காக எல்லாரும் அஞ்சு நடை அஞ்சு நடைன்னு ஓடுறாங்க, என்னக் கேட்டா முதல்தடவ ஏறுறவங்களுக்கு நாலு நடை குதிரைதான் நிம்மதி, அஞ்சு நடை சிலது எல்லாத்தையும் கலந்து கஞ்சியாக்கிடும்.

கலர் பாத்து சேக்குறவங்களுக்கும் ஒண்ணு. உடம்பு சாக்லேட்டா பிடரி வெள்ளியா இருக்கே, ரொம்ப அழகு, ஆனா அந்த சில்வர் ஜீனோட கண்ணு கோளாறும் சேந்தே வரும், ரெண்டு பக்கமும் சில்வர் வந்த குட்டிக்கு அது கடுமையா இருக்கும். சில்வரையும் சில்வரையும் சேக்காதீங்க, அவ்ளோதான்.

எத்தன வயசுல ஏறலாம்?

நாலு. அதுவரைக்கும் மலைல கூட்டத்தோட திரியட்டும், கல்லு முள்ளு ஆறு எல்லாம் அதுவே கத்துக்கும். அவசரப்பட்டா முதுகு போயிடும். பொறுத்தீங்கன்னா இருபத்தஞ்சு வயசு வரைக்கும் ஏறலாம்.

நாங்க ஜெர்மனில இருக்கோம், பொண்ணுக்காக ஐஸ்லாந்துல இருந்தே ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம்.

அங்கயே பிறந்தத வாங்குங்க, சிஸ்டர். எங்க மண்ணுல பிறந்தது அங்க வந்தா நிறைய குதிரைக்கு ஒரு வகை குட்டிக் கொசு கடிச்சு அலர்ஜி பிடிச்சுக்கும், கோடை முழுக்க பிடரியும் வாலும் ரத்தம் வர்ற அளவுக்கு தேச்சுக்கும். அந்தக் கொசு இல்லாத ஊருல வளந்ததால தாங்காது. அங்கயே பிறந்ததுக்கு இது ரொம்பக் கம்மி. இன்னொண்ணு, பிடிக்கலன்னு திருப்பி அனுப்பவும் முடியாது, இந்த மண்ண விட்டுப் போன குதிரை மறுபடி உள்ள வரவே கூடாது, அது சட்டம். லான்ட்ஸ்மோட்ங்கற தேசிய குதிரைப் போட்டில ஜெயிச்ச குதிரையா இருந்தாலும் அதே கதைதான்.

செப்டம்பர்ல மலைல இருந்து குதிரைங்கள ஓட்டிட்டு வர்ற ரவுண்டப் பாக்க வரேன் அக்கா, என் சவாரி ஷூ, கிளவுஸ் எடுத்துட்டு வரலாமா?

வா தம்பி, செப்டம்பர் கடைசி சனிக்கிழமை லாஃப்ஸ்காலாரெத்ங்கற எங்க பக்கத்து ரவுண்டப், மலைல இருந்து நூத்துக்கணக்குல ஒண்ணா இறங்கி வர்றத ஒரு தடவ பாக்கணும். கிளவுஸ் வேண்டாம். யூஸ் பண்ணின தோல் கிளவுஸ், சேணம், கடிவாளம் எதுவும் நாட்டுக்குள்ளயே விட மாட்டாங்க, துணி ஷூ எல்லாம் துவைச்சு கிருமிநாசினி போட்டிருக்கணும். ஓவரா பண்றாங்கன்னு நினைக்காத. வெளிநாட்டு வியாதி எதையும் பாக்காத கூட்டம் இது, 2010ல ஒரு இருமல் உள்ள வந்து நாடு பூரா குதிரைங்க படுத்து, ஏற்றுமதி நின்னு, அந்த வருஷ லான்ட்ஸ்மோட்டயே தள்ளிப்போட்டு அடுத்த வருஷம்தான் நடத்தினாங்க. கிளவுஸ் நான் தரேன், பழசு, கொஞ்சம் நாத்தமடிக்கும்.