கூரையில் கூடுதல் சோலார் பேனல்: கிரெடிட்டை நம்பிக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டுக் கூரையில் 4 கிலோவாட் சோலார் அமைப்பு சில ஆண்டுகளாக இயங்கி வருகிறது. ஆண்டுக்கு ஏறத்தாழ 5,600 யூனிட் உற்பத்தியாகிறது. வீட்டின் மொத்தப் பயன்பாடு 4,800 யூனிட். பகலில் நாங்கள் நேரடியாகப் பயன்படுத்துவது 1,900 யூனிட். மீதி 3,700 யூனிட் கிரிட்டுக்கு, அதாவது பொது மின் கட்டமைப்புக்கு, போகிறது. இரவிலும் மழை நாட்களிலும் கிரிட்டிலிருந்து 2,900 யூனிட் எடுக்கிறோம். எங்களுடையது நெட் மீட்டரிங் இணைப்பு. கணக்கை ஆண்டுக்கு ஒருமுறை முடிக்கிறார்கள். இன்னும் 4 கிலோவாட் சேர்த்தால் கிரெடிட் (கிரிட்டுக்கு அனுப்பும் யூனிட்டுக்காகப் பில்லில் கிடைக்கும் வரவு) பல மடங்காகும், 7 ஆண்டுக் கடனின் தவணையை அதுவே கட்டிவிடும் என்று பேனல் பொருத்தித் தரும் நிறுவனத்தார் சொல்கிறார்கள். கடன் வாங்கலாமா? இரண்டு ஆண்டுகளுக்குள் மின்சாரக் கார் வாங்கும் எண்ணமும் இருக்கிறது.

பதில்: இப்போது வாங்க வேண்டாம். கேள்வியோடு கணக்கையும் முழுமையாக எழுதியிருப்பதால் இதைத் தயக்கமின்றிச் சொல்ல முடிகிறது. கூடுதல் பேனல்கள் கூடுதல் மின்சாரம் தரும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த மின்சாரத்தின் ஒவ்வொரு யூனிட்டும் உங்கள் பில்லில் என்ன மதிப்பு பெறும் என்பதை முடிவு செய்வது வெயில் அல்ல, மின் விநியோக நிறுவனத்தோடு நீங்கள் செய்துகொண்ட ஒப்பந்தம். அந்த ஒப்பந்தப்படி பார்த்தால், புதிய பேனல்கள் தரும் யூனிட் பழைய பேனல்கள் தரும் யூனிட்டின் மதிப்பைப் பெறாது.

இப்படிக் கிரிட்டுக்கு ஏற்றுமதியாகும் மின்சாரத்துக்கு உலகெங்கும் பெரும்பாலும் மூன்று விதமாகக் கணக்கு எழுதுகிறார்கள். நெட் மீட்டரிங் முறையில் அனுப்பிய யூனிட்டை எடுத்த யூனிட்டோடு நேருக்கு நேர் கழிப்பார்கள். அதனால் அனுப்பிய யூனிட்டுக்கும் நீங்கள் வாங்கும் விலையே கிடைத்ததாகிறது. நெட் பில்லிங் முறையில் எடுக்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, அனுப்பும் யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த வேறொரு விலை. மொத்த அளவீட்டு முறையில் உற்பத்தி முழுவதும் தனி மீட்டர் வழியாகக் கிரிட்டுக்குப் போய்விடும். வீட்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் வழக்கம்போல வாங்க வேண்டும். உங்களுடையது முதல் வகை, மூன்றிலும் பொதுவாக வீட்டுக்காரருக்கு மிகவும் சாதகமானது. 1983-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலம் சட்டமாகக் கொண்டுவந்தது முதல் பல நாடுகளிலும் கூரை சோலார் பரவுவதற்கு இந்த முறையே பெரும் காரணமாக இருந்தது.

ஆனால் இந்தச் சாதகத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆண்டில் நீங்கள் எடுத்த யூனிட் எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் முழு மதிப்பு. அதற்கு மேல் மிஞ்சுவதைப் பல இடங்களில் மொத்தக் கொள்முதல் விலைக்கு, அதாவது நீங்கள் வாங்கும் விலையைவிடக் குறைவாகவே, எடுத்துக்கொள்வார்கள். சில இடங்களில் கணக்கு முடியும் நாளில் ஒன்றும் தராமல் அழித்துவிடுவார்கள். நீங்கள் எடுப்பது 2,900, அனுப்புவது 3,700. ஆக 800 யூனிட் இப்போதே எல்லையைத் தாண்டி நிற்கிறது. கூடுதல் பேனல் ஒன்றுகூட இல்லாமலே நீங்கள் உச்சத்தைத் தொட்டுவிட்டீர்கள்.

இதை எண்ணில் பார்ப்போம். உங்கள் கட்டண விகிதத்தை நீங்கள் குறிப்பிடாததால், ஒரு யூனிட் வாங்கும் விலையை 100 என்றும் மிகை யூனிட்டுக்குக் கிடைக்கும் விலையை 30 என்றும் ஒப்பீட்டுக்காக வைத்துக்கொள்கிறேன். உங்கள் பில்லில் உள்ள எண்களை அந்த இடங்களில் போட்டுப் பாருங்கள். இப்போதைய 4 கிலோவாட், நேரடிப் பயன்பாட்டில் 1,90,000, கழித்தலில் 2,90,000, மிகையில் 24,000 என்று ஆண்டுக்கு மொத்தம் 5,04,000 மதிப்பைத் தருகிறது. அதே அளவுள்ள இரண்டாவது அமைப்பு தரும் 5,600 யூனிட்டும், வீட்டுப் பயன்பாடு மாறாத வரை, முழுக்க மிகைக் கணக்கில்தான் சேரும். அதன் மதிப்பு 1,68,000. சரியாக மூன்றில் ஒரு பங்கு. செலவு ஏறத்தாழ ஒன்றுதான் என்றால், முதல் முதலீடு 6 ஆண்டுகளில் திரும்பும் இடத்தில் இரண்டாவது முதலீடு திரும்ப 18 ஆண்டுகள் ஆகும். இதில் கடனுக்கான வட்டி சேரவில்லை. பேனல்களுக்கு 25 ஆண்டு உற்பத்தி உத்தரவாதம் கிடைப்பது வழக்கம் என்றாலும், பேனல் தரும் மின்சாரத்தை வீட்டுக்கேற்ற மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைப் பெரும்பாலும் 10 முதல் 15 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டிவரும்; அந்தச் செலவும் இதே காலத்துக்குள் வந்து விழும். 7 ஆண்டுத் தவணையை இந்தக் கிரெடிட் தானே கட்டிவிடும் என்ற பேச்சு இந்த எண்களில் நிற்காது. மிகைக்கு எதுவும் தராமல் அழிக்கும் ஒப்பந்தமாக இருந்தால் இரண்டாவது அமைப்பின் வருமானம் சுழியம்.

மிகை யூனிட்டுக்கு விலை ஏன் இவ்வளவு குறைவு என்று வாசகர்கள் பலர் கோபப்படுகிறார்கள். அந்தக் கோபத்தில் ஓரளவு நியாயம் இருந்தாலும் காரணத்தைப் புரிந்துகொள்வது நல்லது. நீங்கள் வாங்கும் யூனிட்டின் விலையில் மின்சாரத்தின் விலையோடு கம்பி, டிரான்ஸ்பார்மர், பராமரிப்பு, ஊழியர், வரி எல்லாம் சேர்ந்திருக்கின்றன. நீங்கள் அனுப்பும் யூனிட் விநியோக நிறுவனத்துக்கு மிச்சப்படுத்துவது பெரும்பாலும் அந்த நேரத்து மின்சாரத்தின் மொத்தக் கொள்முதல் விலையை மட்டுமே. அதோடு, உங்கள் கூரையில் வெயில் அடிக்கும் அதே நண்பகலில் ஊர் முழுவதும் உள்ள கூரைகளிலும் வெயில் அடிக்கிறது. கூரைகள் பெருகப் பெருக நண்பகல் மின்சாரத்தின் சந்தை விலை இறங்கும்; சோலார் மிகுந்த சந்தைகளில் சில மணி நேரங்களில் அது சுழியத்துக்கும் கீழே போவதுண்டு. ஆகவே ஏற்றுமதி விலை இனி ஏறும் என்ற எதிர்பார்ப்பில் கடன் வாங்குவது, எந்தத் திசையில் காற்று அடிக்கிறதோ அதற்கு எதிராகப் பந்தயம் கட்டுவதாகும்.

இனிச் சொல்லப்போவதுதான் உங்கள் விஷயத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்துகிறது. உங்களிடம் பேசிய நிறுவனத்தார் இதைச் சொன்னதாக உங்கள் கடிதத்தில் இல்லை. பழைய விதிகளின்படி இணைந்தவர்களுக்கு அந்த விதிகளே குறிப்பிட்ட காலம் தொடரும் என்று பல இடங்களில் பாதுகாப்பு தருகிறார்கள். ஆனால் அமைப்பைப் பெரிதாக்கினால் அந்தப் பாதுகாப்பு போய்விடலாம். கலிபோர்னியாவில் 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தவர்களுக்குப் பழைய நெட் மீட்டரிங் இல்லை, குறைந்த ஏற்றுமதி விலையுள்ள நெட் பில்லிங் மட்டுமே. அதற்கு முன் இணைந்தவர்களுக்கு இணைப்பு நாளிலிருந்து 20 ஆண்டுகள் பழைய முறை தொடரும். ஆனால் அவர்கள் 10 சதவீதம் அல்லது 1 கிலோவாட், இரண்டில் எது பெரிதோ அதற்கு மேல் கொள்ளளவைக் கூட்டினால் அந்தச் சலுகையை இழக்க நேரும்.

உங்கள் ஒப்பந்தத்திலும் இப்படி ஒரு நிபந்தனை இருந்தால் என்ன ஆகும்? 8 கிலோவாட் 11,200 யூனிட் தரும். பகல் நேரப் பயன்பாடு சற்றே கூடி 2,200 ஆகிறது என்று வைத்தால் ஏற்றுமதி 9,000. நெட் பில்லிங்கில் நேரடிப் பயன்பாட்டின் மதிப்பு 2,20,000, ஏற்றுமதியின் மதிப்பு 2,70,000, மொத்தம் 4,90,000. இன்று 4 கிலோவாட்டிலேயே உங்களுக்குக் கிடைப்பது 5,04,000. கடன் வாங்கி, கூரை முழுவதையும் நிரப்பி, ஏழு ஆண்டுகள் தவணையும் கட்டிவிட்டு, இன்று கிடைப்பதைவிடக் குறைவாகப் பெறுவீர்கள். ஒரு குடும்பம் இந்த நிலையில் சிக்குவதை நான் விரும்பவில்லை. அதனால்தான் முதல் வரியிலேயே வேண்டாம் என்று எழுதினேன்.

விதிகள் தாமாகவே மாறவும் கூடும். நெதர்லாந்தில் 2027 ஜனவரி 1 முதல் யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் முறை நிறுத்தப்படும் என்று சட்டமே ஆகிவிட்டது. ஏற்கெனவே பேனல் பொருத்தியவர்களுக்கும் அது பொருந்தும். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 2015 டிசம்பரில் ஒழுங்குமுறை ஆணையம் பழைய வாடிக்கையாளர்களையும் குறைந்த விலைக்கு மாற்றியது. பெரும் எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த ஆண்டு பழைய நிபந்தனைகள் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தன. இதற்கு நேர்மாறாக ஜெர்மனியின் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுமதி விலையை 20 ஆண்டுகளுக்கு உறுதி செய்தது. அதை நம்பிக் கடன் வாங்கியவர்களுக்கும் கடன் கொடுத்த வங்கிகளுக்கும் தெளிவான கணக்கு இருந்தது. ஏற்றுமதிக்காகக் கடன் வாங்குவதில் எனக்குள்ள ஒரே அளவுகோல் இதுதான்: கடன் முடியும் நாள் வரையாவது ஏற்றுமதி விலை எழுத்தில் உறுதியாக இருக்க வேண்டும். உங்கள் கடிதத்தில் அப்படி எந்த உறுதியும் தென்படவில்லை.

பேட்டரி வாங்கலாமா என்று அடுத்து உங்களுக்குத் தோன்றக்கூடும், விற்பவர்களும் சொல்வார்கள். நெட் பில்லிங்கில் அதற்குப் பொருள் உண்டு. 30-க்கு அனுப்பியிருக்கக்கூடிய ஒரு யூனிட்டைச் சேமித்து, போய்வரும் இழப்பாக ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு போனாலும், இரவில் 90 மதிப்புள்ள கொள்முதலைத் தவிர்க்கலாம். யூனிட்டுக்கு 60 மிச்சம். பேட்டரியின் விலையையும் ஆயுளையும் அந்த 60-ஐக் கொண்டு அளந்து பார்க்கலாம். ஆனால் ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெட் மீட்டரிங்கில், கட்டணம் நேரத்துக்கு நேரம் மாறாத வரை, கிரிட்டே உங்களுக்கு இழப்பில்லாத, செலவில்லாத பேட்டரியாக இருக்கிறது. பகலில் துணி துவைப்பது, பகலில் வெந்நீர் போடுவது போன்ற ஆலோசனைகளும் உங்கள் பில்லை இப்போது குறைக்காது. மின்தடை அடிக்கடி ஏற்படும் இடமென்றால் பேட்டரிக்கு வேறு நியாயம் இருக்கிறது. பழுது பார்ப்பவர்களின் பாதுகாப்புக்காக, கிரிட்டில் மின்சாரம் போனதும் சாதாரண சோலார் இன்வெர்ட்டர்களும் தாமே நின்றுவிடும். அப்போது வீட்டுக்கு மின்சாரம் கிடைக்க வாங்கும் பேட்டரி வசதிக்கான செலவு. முதலீடாகக் கணக்கில் எழுத வேண்டாம்.

விநியோக நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்க வேண்டியவை சில உள்ளன. கொள்ளளவைக் கூட்டினால் பழைய இணைப்பும் சேர்ந்து புதிய விதிக்கு மாறுமா, எவ்வளவு கூட்டும்வரை மாறாது என்பது முதல் கேள்வி. ஆண்டு இறுதி மிகைக்குப் பணம் தருகிறார்களா, அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகிறார்களா, அழிக்கிறார்களா என்பது அடுத்தது. பயன்பாடு எவ்வளவானாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணத்தை உங்கள் கிரெடிட் கழிக்குமா என்றும் கேளுங்கள்; பெரும்பாலும் கழிக்காது, பில் முழுவதும் சுழியமாகும் என்ற வாக்குறுதி உடைவது இங்கேதான். இணைப்புக்கு ஏற்றுமதி உச்சவரம்பு இருக்கிறதா என்பதும் தெரிய வேண்டும். வரம்பை எட்டினால் இன்வெர்ட்டர் உற்பத்தியைத் தானே குறைத்துக்கொள்ளும், 9,000 யூனிட் ஏற்றுமதி என்று நான் போட்ட கணக்குகூட அப்போது கிடைக்காது. மிகைக்குப் பணமாகவே தந்தால் அது வரிக்கு உட்பட்ட வருமானமா என்று உங்கள் வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மின்சாரக் கார் வந்தால் கணக்கு மாறும். ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர், ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் என்று கொண்டால் 2,000 யூனிட் கூடுதலாகத் தேவைப்படும்; மொத்தப் பயன்பாடு 6,800 ஆகும். இப்போதைய உற்பத்தியைத் தாண்டி 1,200 யூனிட் வேண்டும். இன்று மிகையாகப் போகும் 800 யூனிட்டுக்கும் அன்று முழு மதிப்பு கிடைத்துவிடும். அந்த 1,200 யூனிட்டுக்கு, உங்கள் கூரையின் உற்பத்தி அளவில், 1 கிலோவாட் போதும்; அது தரும் 1,400 யூனிட்டில் பெரும்பகுதி முழு மதிப்பைப் பெறும். அந்த அளவு சிறிய கூட்டலை உங்கள் ஒப்பந்தம் அனுமதிக்கிறது என்று எழுத்தில் பதில் வந்திருந்தால், கார் வந்து ஓராண்டு பில்களைப் பார்த்த பிறகு, முடிந்தால் கடன் இல்லாமல் சேமிப்பிலிருந்தே அதைச் செய்யுங்கள்.