ஏலத்தில் அமெரிக்க வண்டி: கேள்வி – பதில்

2013இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் 1958 செவ்ரோலெட் கேமியோ பிக்கப் ஒன்று 1,40,000 டாலருக்கு ஏலம் போனதாமே, நிஜமா? (வாசகர், மயிலாப்பூர்)

நிஜம்தான். பியர்ஸ் என்ற சின்ன ஊரில் லாம்பிரெக்ட் செவ்ரோலெட் டீலர், விற்காமல் நின்ற புதுசும், புதுசு வாங்கியவர்கள் மாற்றாகக் கொடுத்த பழசுமாகச் சுமார் 500 வண்டிகளைச் சேர்த்து வைத்திருந்தார். அந்த கேமியோ ஓடியது 1.3 மைல்! கூட்டமும் டிவி நேரலையும் ஏற்றிவிட்ட விலை அது. அதை மார்க்கெட் ரேட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரம்பூரில் டாட்ஜ் கிங்ஸ்வே என்ற அமெரிக்க கார் ஒன்று ஏலத்துக்கு வருகிறது. 1950களின் தொடக்க மாடல், பல வருடமாக ஷெட்டில் நிற்கிறது. 12 வோல்ட் பேட்டரி மாட்டி செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? (வாசகர், வில்லிவாக்கம்)

கூடவே கூடாது. அது 6 வோல்ட் வண்டி, அதிலும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேரும். 12 கொடுத்தால் பல்பும் கேஜும் போகும்; பிஸ்டன் துருப்பிடித்து இறுகியிருந்தால் அதன் ரிங்கும் உடையும்.

ஏலத்துக்கு முன் கண்ணால் பார்க்கவேண்டியது இரண்டு. பிளாக்கின் இடப்பக்கம், டைனமோவுக்கு மேலே மேடான இடத்தில் எஞ்சின் நம்பர் இருக்கும், ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அங்கே நம்பரைத் தேய்த்து அழித்ததுபோல கிரைண்டர் கீறல் தெரிந்தால் வந்த வழியே திரும்பலாம். அடுத்து, காருக்குள் கால் வைக்கும் விரிப்பைத் தூக்கி ஃப்ளோரை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். கடல்காற்று ஊரில் மேலே பளபளப்பும் அடியில் சல்லடையுமாக இருப்பது சகஜம்.

வாங்கியபின் ஆறு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிட்டோனும் சரிபாதி கலந்து, சிலிண்டருக்கு 50 மில்லி ஊற்றுங்கள். ஒரு வாரம் ஊறட்டும். பிறகு எஞ்சினின் முன்பக்கம் உள்ள கிராங்க் நட்டில் ஸ்பேனர் போட்டுக் கையாலேயே முன்னும் பின்னும் அசையுங்கள். சுற்றினாலும் உடனே ஸ்டார்ட் செய்யவேண்டாம். வாட்டர் பம்புக்குப் பின்னால் பிளாக்குக்குள் ஓடும் நீளமான தகரக் குழாயை உருவிப் பாருங்கள். அது துருப்பிடித்திருந்தால் பின்சிலிண்டர்களுக்குத் தண்ணீர் சரியாகப் போகாது. சென்னை வெயிலில் சூடேறி வால்வு கருகும்.

இன்னொன்று: இடப்பக்கச் சக்கர போல்ட்டுகள் இடதுபுரி, கழற்ற வலப்பக்கமாகத் திருகவேண்டும். தெரியாமல் வழக்கம்போலத் திருகி உடைப்பவர்கள் நிறைய.

பழங்கால வண்டிகளுக்கான விண்டேஜ் பதிவுக்கு எவ்வளவு? ஃபார்கோ லாரிக்கும் கிடைக்குமா? (வாசகர், ஆவடி)

2021 விதிப்படி கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி 10 ஆண்டு, மறுபதிவுக்கு 5,000. முதல் பதிவாகி 50 ஆண்டு தாண்டியிருக்கவேண்டும். நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும். தினசரி ஓட்ட அனுமதி இல்லை. சேஸிஸ், பாடி, எஞ்சினைப் பெரிதாக மாற்றியிருக்கக்கூடாது என்பதால், டாக்ஸி ஓட்டுவதற்காக டீசல் எஞ்சின் ஏற்றிய பழைய வண்டிகளுக்கு இதில் சிக்கல்தான். காருக்கும் டூவீலருக்கும் மட்டுமே இந்த விதி, லாரிக்குக் கிடையாது.